ஆள் பார்த்துத் திறக்கும் துகள்

“அது பெருகவும் பெருகாது, சாகவும் சாகாது மாமா. உக்காந்த எடத்துல இருந்தே பக்கத்துச் செல்லையெல்லாம் கெடுக்கும்.”

சிம்மக்கல்லில் இருந்து நாகமலை புதுக்கோட்டை போகும் பஸ். என் முன்சீட்டில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண். பக்கத்தில் பாதத்தில் கட்டுப் போட்ட அவள் மாமா, கோயில் பூசாரி. செருப்பே போடாத உள்ளங்காலில் வந்த கரும்புள்ளியை முள் என்றே நினைத்திருந்தாராம். தோல் புற்றுநோய்.

“வைத்தியம் பாத்த பெறகும் சில செல்லு இப்படிக் கெழடாகித் தங்கிரும். அதுக்குத்தான் நானோ துகள். தலைமுடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான். உள்ள மருந்து இருக்கும். கெழட்டுச் செல்லுக்குள்ள போனாத்தான் திறக்கும்.”

“நல்ல செல்லுக்குள்ள போயிட்டா?”

“பூட்டியே கெடக்கும்.”

“இம்புட்டுச் சிறுசுக்கு ஆள் அடையாளம் தெரியுதா!” பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“மனுசருக்கு இன்னும் வரல மாமா. இப்ப எலிக்குத்தான் போட்டிருக்கோம்.”

“எலி எப்படி இருக்கு?”

“கட்டி சுருங்கியிருக்கு. பாப்போம்.”

அவர் கட்டுப் போட்ட பாதத்தைத் தடவிக்கொண்டார்.

“அது பொறந்த தேதி தெரியுமாத்தா?”

“தெரியும். எல்லா எலிக்கும் குறிச்சு வச்சிருக்கோம். எதுக்கு?”

“சொல்லு. நட்சத்திரம் பாத்து அதுக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிர்றேன்.”