சாவி மட்டும் வேணாம்

...இல்லம்மா, சாவிய மட்டும் என்கிட்ட குடுக்காத. சிலிண்டர் வந்தா எங்க வீட்டுல எறக்கி வெக்கச் சொல்றேன், சாயந்திரம் தூக்கிட்டுப் போ. சாவின்னாலே எனக்குப் பேஜாரு. ஏன்னு கேக்கறியா? கேக்கலியா? பரவால்ல, சொல்றேன், உக்காரு. மேல் வீட்டுக்குக் குடி வந்திருக்க, பெங்களூரு ஆஸ்டின் டவுன்ல எங்க தெரு கதை தெரிய வேணாமா?

அதோ பேப்பர் பாத்துட்டு உக்காந்திருக்காரே, நீ உள்ள வந்ததும் பேரு கேட்டாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு, பால்ராஜு. போன வருஷம் இதே வாசல்ல, பால் பாக்கெட்டும் கையுமா, தொப்புன்னு விழுந்தாரு. கை கால் வெட்டி வெட்டி இழுக்குது. தெருவே ஓடியாந்துச்சு. எங்க கோலார் தங்கவயல் பக்கம் வலிப்பு வந்தா கையில இரும்பு குடுப்பாங்க இல்ல... ஆளாளுக்கு சாவிய எடுத்துத் திணிக்கறாங்க. நான் பீரோ சாவி, மரகதம் அக்கா கடை ஷட்டர் சாவி, சந்தானம் ஸ்கூட்டர் சாவி. ஒருத்தன் சோடா அடிக்கறான், ஒருத்தி வெங்காயத்த மூக்குல வெக்கறா. அது வலிப்பே இல்லம்மா. ஹார்ட்டு நின்னு போச்சு.

எதிர் வீட்டு நோராதான், ஆபீஸ்ல கத்துக் குடுத்தாங்களாம், எல்லாரையும் தள்ளி விட்டுட்டு நெஞ்சுல ரெண்டு கையும் வெச்சு அமுக்கு அமுக்குன்னு அமுக்கினா. நான் அவள அடிக்கவே போயிட்டேன். அப்புறம் ஆம்புலன்ஸ்காரங்க வந்து ஷாக்கு குடுத்து தூக்கிட்டுப் போனாங்க. சாவியோட! மரகதம் அக்காவால கடையே தொறக்க முடியல. இன்னிக்கும் என்ன மொறைக்குது.

உசுரு திரும்பிடுச்சு, மாதா புண்ணியம். வீட்டுக்கு வந்தாக்க... கிரேஸு, காப்பி குடுத்தியாங்கறாரு. இப்பதானே குடிச்சீங்கன்னா, ஓ அப்படியான்னுட்டு, மறுபடி கிரேஸு, காப்பி குடுத்தியா. கொஞ்ச நேரம் மூளைக்கு ரத்தம் போவல இல்ல. பழசு எல்லாம் கரெக்டா இருக்கு. கல்யாணத்துல எங்கப்பா போடறேன்னு போடாத வாட்ச்சு கூட ஞாபகம் இருக்கு! புதுசா கேட்ட பேரு ஒண்ணு கூட நிக்கறதில்ல.

ஹார்ட் டாக்டர கேட்டா ஹார்ட்டு ஃபஸ்ட் கிளாஸுங்கறாரு. மூளை டாக்டரு, ஹார்ட் டாக்டர கேளுங்கங்கறாரு. மேல் மாடி, கீழ் மாடி, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்ததில்ல. அப்புறந்தான், எல்லாரும் ஒரே டீமா ஆராய்ச்சி பண்ணப் போறோம்னாங்க. ஆம்புலன்ஸ் ஆளுங்க, ரெண்டு டாக்டரு, ஞாபகப் பயிற்சி குடுக்க வாரா வாரம் வீட்டுக்கு வர்ற தினேஷ் தம்பி. விழுந்த எடத்துலேந்து பழையபடி ஆவற வரைக்கும் பாக்கறதாம். வீட்டு மனுஷங்களும் டீம்ல வேணும்னு என்னையும் சேத்துக்கிட்டாங்க. என் கெட்ட நேரம்.

ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற கமிட்டி முன்னாடி போய் உக்காந்தோம். அதுல ஒருத்தரு, நம்ம ஜனங்க யாராச்சும் விழுந்தா சும்மா நின்னு வேடிக்கதானே பாப்பாங்கன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! யாருய்யா சும்மா நின்னா, அத்தன சாவி குடுத்தோமேன்னு சொல்ல முடியுமா? எங்க தெருவுல எல்லாருக்கும் நெஞ்சு அமுக்கத் தெரியும் சார், வந்து பாருங்கன்னுட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றோம்னுட்டாங்க.

யாருக்குத் தெரியும்? நோரா ஒருத்திக்குத் தெரியும். ஆயித்து, முடிஞ்சுது கதை. தவள தன் வாயால கெடும்பாங்களே, அதான். இப்ப நெஞ்சு அமுக்கிப் பழகறதுக்குன்னு டாக்டருங்க காலே இல்லாத பொம்ம ஒண்ண குடுத்திருக்காங்க, அது எங்க கட்டில்ல படுத்திருக்கு, நாங்க தரையில. வீடு வீடா போய் கெஞ்சறேன். சந்தானம் பல்ல இளிக்கறான். மரகதம் அக்கா, மொதல்ல சாவிக்கு ஒரு வழி சொல்லுங்குது. கமிட்டிக்குப் புடிக்கலன்னா பணம் வராது, டீம் கலைஞ்சிடும், தினேஷும் வரமாட்டான். அப்புறம் இவரு இப்படியே நின்னுடுவாரும்மா. நெஜமா சொல்றேன், எனக்கு பயமா இருக்கு.

அதனால ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நீயும் வரணும். ஸ்வல்ப நேரந்தான். கைய இப்படிக் கோத்து, முழங்கைய மடக்காம... இரு, பொம்மய எடுத்துட்டு வரேன், இப்பவே பழகிக்க.

...அப்பா, என்னா கனம்...

எங்க போச்சு இந்தப் பொண்ணு? பாருங்க, வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், சாவிய டீவி மேல வெச்சுட்டு ஓடிட்டா. இருக்கட்டும். சாயந்திரம் வாங்க வருவா இல்ல, அப்ப புடிக்கறேன்.

என்னாங்க? ...ஆமா, மேல் வீட்டு சாவிதான். ...யாமினியா? யாருங்க யாமினி?

...அந்தப் பொண்ணு பேரா? எனக்கே தெரியாதே. இவ்ளோ நேரம் பேசினேன், நான் பேரு கேக்கவே இல்லையே. வந்தப்ப நீங்க கேட்டீங்க, அது ஏதோ சொல்லுச்சு, நான் காதுல வாங்கல... இருங்க. சாவிக்கொத்துல எழுதியிருக்கா? ...இல்ல. இந்தப் பக்கமும் இல்ல.

எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா. தினேஷுக்கு போன் போடறேன்.