ஞாயிறு கடலுக்குப் போகாத ஊர்

அன்று பூசைக்கு வந்திருந்தவர்கள்: முன் வரிசை வாங்கில் யூஜீனியா டீச்சர், அவருக்குப் பக்கத்தில் மரியாயின் சேனைப் பெண்கள். இடது பக்கம் றஜிதாவும் அவளுடைய பாட்டுக் குழுவும். நடுவில் முதல் நன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் நிக்கொலஸின் மனைவி எமிலியா, தனியாக. கடைசித் தூணோடு றொகானும் கூட்டாளிகளும், கைகட்டிக்கொண்டு. பீடத்தில் ஃபாதர். பீடத்துக்குப் பின்னால் நான்.

வந்தவர்களை மனதில் குறித்துக்கொள்வது என் பழக்கம். கோயில் மூப்பர் என்றால் கதவுத் திறப்பு வைத்திருப்பவர் மட்டும் இல்லை. யார் வந்தார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். அன்று என்ன நடந்தது என்று என்னை யாரும் விசாரிக்கவில்லை. பொலிஸும் இல்லை, ஃபாதரும் இல்லை. விசாரித்திருந்தால் இப்படித்தான் ஒழுங்காகச் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊரில் கிழமைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. செவ்வாய் அந்தோனியார் நவநாள். புதன் சகாய மாதா. வியாழன் நற்கருணை ஆராதனை. வெள்ளி வீட்டுச் செபமாலை, வீடு மாறி வீடு. சனி கோயிலைக் கூட்டிக் கழுவுவது, பின்னேரம் பாவசங்கீர்த்தனம். ஞாயிறு பூசை. ஞாயிறு கடல் இல்லை. சனி பின்னேரம் போட்டுகளைக் கரைக்கு இழுத்தால் திங்கள் விடியத்தான் தள்ளுவோம். மீறி ஒருவன் ஞாயிறு போனால், அவனுக்கு என்ன நடந்தாலும் எங்கள் போட்டு ஒன்றும் இறங்காது. இதுவும் சட்டத்தில் சேர்ந்தது. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் அப்படி வைத்ததால்தான் யாரும் போகவில்லை. போகாததால் யாருக்காகவும் இறங்க வேண்டியும் வரவில்லை.

யுத்த காலத்தில் இதைக் காப்பது லேசு. கடலுக்குப் போக நேவியின் பாஸ் வேண்டும். நேவி சொன்ன நேரத்துக்குப் போய், சொன்ன நேரத்துக்கு வருவோம். கடலே பூட்டிக் கிடந்தபோது ஞாயிறை யார் தேடினார்கள்? யுத்தம் முடிந்து பாஸ் முறையை எடுத்துவிட்டார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். பிறகு பார்த்தால் திறந்த கடலுக்கு ஞாயிறும் இன்னொரு நாளாகிவிட்டது.

முதலில் போனவன் நிக்கொலஸ். நல்லவன். குடியில்லை. கல்யாண வீடு, செத்த வீடு எதுவென்றாலும் பந்தல் போட அவன்தான் முதலில் நிற்பான். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். ஞாயிறு எங்கள் ஆட்கள் யாரும் போகாததால் மீனுக்கு நல்ல விலை. நீர்கொழும்பிலிருந்து வரும் லொறிக்காரன் கரையில் காத்திருந்து வாங்கிப் போவான். ஒருநாள் பூசைக்குப் பிறகு, எல்லோரும் நிற்கும்போது அவனிடம் கேட்டேன்.

"போன கிழமை உன்னைக் கோயிலில காணல்ல."

"கடலுக்குப் போனன் மாமா. மீனுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாதே."

"உனக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும். அதுதான் போனன். நீங்க எல்லாரும் செபம் பண்ணுறதாலதான் எனக்கு விலை கிடைக்குது. இன்னும் ரெண்டு செபமாலை கூடச் சொல்லுங்க."

சிரித்தார்கள். றொகான் சத்தமாகச் சிரித்தான். யூஜீனியா டீச்சர்கூட முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன். எனக்கு அதில் கோபமில்லை. இதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் கோபத்தில் செய்தேன் என்று யாராவது நினைக்கக்கூடும்.

அடுத்தடுத்த கிழமைகளில் வாங்குகளில் இடைவெளி தெரியத் தொடங்கியது. ஃபாதர் இளம் ஆள். "வற்புறுத்தி என்ன செய்யிறது மூப்பர், காலம் மாறுது" என்றார். காலத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. கோயிலைப் பற்றித் தெரியும்.

அந்த ஞாயிறு தை மாதத்தில் வந்தது. வாடைக் காற்று நன்றாக இருந்தது. முதலாம் வாசகம் நடக்கும்போது, இரசமும் தண்ணீரும் எடுக்கப் பின் அறைக்குப் போனேன். மேசை மேல் என் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் யாரும் போன் கொண்டுவரக் கூடாது என்று ஒழுங்கு வைத்தது நான்தான். பூசை நேரத்தில் ஊர்ப் போன்கள் எல்லாம் வீட்டில் கிடந்து அடிக்கும். ஃபாதர் வர முந்திப் பிந்தினால் எனக்குத்தான் எடுப்பார் என்பதால் என்னுடையது மட்டும் அந்த அறையில் இருக்கும். அது ஊருக்கே தெரியும். எடுத்தேன்.

"மாமா, நான் நிக்கொலஸ். மெசின் போயிட்டுது. நங்கூரம் பிடிக்குதில்ல. வாடை வெளிய தள்ளுது."

"எங்க நிக்கிறாய்?"

"நுரைச்சோலை கரண்ட் ஸ்டேசன் புகைக் குழாய்க்கு நேரே. கரை இன்னும் தெரியுது. எமிலியாவுக்கு எடுத்தன், ஆன்சர் இல்ல. நம்ம போட்டு வராது, எனக்குத் தெரியும். அதைக் கேக்கல்ல. பள்ளிவாசல்துறை நெய்னார் காக்காட்ட சொல்லுங்க, அவங்க போட்டு இந்தப் பக்கம்தான் தொழில். எனக்கிட்ட நம்பர் இல்ல. சார்ஜும் முடியப் போவுது."

பள்ளிவாசல்துறை ஆட்கள் முஸ்லிம்கள், மூத்தவர்களைக் காக்கா என்போம். வெள்ளி அவர்கள் கடலுக்குப் போவதில்லை, ஞாயிறு போவார்கள். வலை அறுந்த பிரச்சினை எதுவென்றாலும் எங்கள் பக்கத்தில் நானும் அவர்கள் பக்கத்தில் நெய்னாரும்தான் கதைத்துத் தீர்ப்போம்.

"பூசை நடக்குது" என்றேன்.

"தெரியும் மாமா. ஒரு நிமிசக் கதைதானே. அடுத்த கிழமை முன் வாங்கில வந்து இருக்கிறன், டீச்சரை எழுப்பிப்போட்டு." சிரித்தான். பிறகு கேட்டான். "சொல்லுவீங்கதானே?"

"ஓம்" என்றேன்.

பீடத் துணிகள் வைக்கும் லாச்சியை இழுத்து, போனை உள்ளே வைத்து மூடினேன். இரசத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனேன்.

பூசை முடிந்ததும் நெய்னாருக்கு எடுப்பதாகத்தான் இருந்தேன். கொஞ்ச நேரம் வெயிலில் மிதக்கட்டும், தன் தொழிலைப் பற்றி யோசிக்கட்டும் என்பதுதான் எண்ணம். ஒரு தகப்பன் செய்யக்கூடியது. ஆனால் பூசை முடிந்து வெளியே வந்தபோது றொகான் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "வாற கிழமை நானும் இறக்கிறன். நிக்கொலஸ் அண்ணன் இண்டைக்கு அள்ளிக்கொண்டு வருவார் பாருங்க." கரையில் லொறிக்காரன் ஏற்கனவே வந்து நின்றான். அப்போது நினைத்தேன், மத்தியானம் வரை பொறுக்கலாம். வெறுங்கையோடு, இன்னொருவன் போட்டில் கட்டி இழுத்து வரவேண்டும். எல்லோரும் பார்க்கவேண்டும்.

பிறகு மறைக்கல்வி வகுப்பு. பிறகு சேனைக் கூட்டம். பிறகு ஃபாதருக்குச் சாப்பாடு. நானும் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், நித்திரையும் கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. எழும்பி அவனுக்கு எடுத்துப் பார்த்தேன். போன் வேலை செய்யவில்லை. நெய்னாருடைய போட்டுகள் அதற்குள் கரைக்கு வந்திருக்கும். இனி அவருக்கு எடுத்தால் முதல் கேள்வி, உங்களுக்கு எப்போது தெரியும் என்பதாகத்தான் இருக்கும்.

பொழுதுபடும்போது எமிலியா வந்தாள்.

"மாமா, அவர் எனக்கு எடுத்திருக்கிறார், நான் கோயிலில. திருப்பி எடுத்தா ஓஃப். உங்களுக்கு ஏதும் எடுத்தாரா?"

"இல்லயே பிள்ள" என்றேன்.

ஞாயிறு போட்டு இறங்காது என்று அவளுக்குச் சொல்லவேண்டிய தேவை வரவில்லை. அவள் கேட்கவே இல்லை. திங்கள் விடிய எல்லாப் போட்டுகளும் இறங்கின. அதற்கு முன் கரையில் என்னிடம் வந்து, எந்தப் பக்கம் தேடுவது என்று கேட்டார்கள். வடக்கே, குதிரைமலைப் பக்கம் என்றேன். போன கிழமை அவன் அந்தப் பக்கம் வலை போட்டதாகச் சொன்னான் என்றேன். நேவிக்காரர்களிடமும் எமிலியாவைக் கூட்டிக்கொண்டுபோய் அதையே சொன்னேன். அவளுக்குச் சிங்களம் வராது, நான்தான் கதைத்தேன். நுரைச்சோலை தெற்கே. ஒரு போட்டும் அங்கே போகவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் பதில் இருக்கிறது. அவன் உயிரோடு வந்தால், தொலைபேசியில் நான் ஓம் சொன்னதைச் சொல்லுவான். அதன் பிறகு என்னுடைய சொல்லுக்கு ஊரில் மரியாதை இருக்காது. என்னுடைய சொல் போனால் ஞாயிறும் போய்விடும். ஒரு ஆளையும் ஒரு ஊரின் ஞாயிறையும் தராசில் வைத்தால் எது கனம் என்று நான் யோசித்தேன். ஆறுதலாகத்தான் யோசித்தேன்.

செவ்வாய் நவநாளில் அவனுக்காக மன்றாட்டு வாசித்தேன். புதன் சகாய மாதாவுக்கு நிற்க இடமில்லாத கூட்டம். வியாழன் ஆராதனையில் எமிலியா முழங்காலிலேயே இருந்தாள், டீச்சர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. வெள்ளிச் செபமாலையை அவள் வீட்டிலேயே வைத்தோம். துயர தேவரகசியங்கள். நான்தான் தொடக்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை நெய்னாருடைய ஆட்கள் போட்டைக் கண்டுபிடித்தார்கள். சிலாபத்துக்கு நேரே, கரையிலிருந்து நல்ல தூரம் வெளிக் கடலில். நிக்கொலஸ் அதற்குள் கிடந்தான். வலையை மேலே இழுத்துப் போர்த்தியிருந்தான், வெயிலுக்காக இருக்கும். வியாழன் வரை உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் செவ்வாயும் புதனும் நாங்கள் மன்றாடியது உயிரோடிருந்த ஒருவனுக்காக. அந்த மன்றாட்டுகள் வீண்போகவில்லை என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஞாயிறு தொழிலுக்குப் போய்ச் செத்தவனின் பெட்டி கோயிலுக்குள் வரக் கூடாது, வாசலில் வைத்து மந்திரித்து எடுக்கவேண்டும். அதுவும் ஊர்ச் சட்டம். நான்தான் விட்டுக்கொடுத்தேன். உள்ளே கொண்டுவரச் சொன்னேன். பழைய ஆட்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

அடக்கத்துக்கு நெய்னார் வந்திருந்தார். சேமக்காலைக்கு வெளியே, தொப்பியோடு நின்றார். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"மூப்பர், அந்த ஞாயித்துக்கிழமை எங்கட போட்டெல்லாம் குழாய்க்கு நேராத்தான் நின்டிச்சு. மத்தியானம் மட்டும் நின்டிச்சு. அந்தக் காத்துக்கு இவரு அங்கிட்டிருந்துதான் போயிருக்கணும். ஒரு கோல் வந்திருந்தா இழுத்திட்டு வந்திருப்போம்."

"அவனிட்ட உங்கட நம்பர் இல்ல காக்கா."

"உங்கட நம்பர் இருக்கும்தானே?" என்றார். "உங்களுக்கு எடுக்கல்லையா?"

"எடுக்கல்ல."

அவர் என் கையை விட்டார். பிறகு, "அல்லாஹ்தான் அறிவான்" என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு போனார். அவர் வேறு யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. பொலிஸ் கடல் விபத்து என்று முடித்தது. என் போனில் அந்த அழைப்பு இருந்தது. நான் அழிக்கவில்லை. புதிய அழைப்புகள் வர அது தானாகவே போய்விட்டது.

அடுத்த ஞாயிறு எங்கள் கரையில் ஒரு போட்டும் இறங்கவில்லை. றொகான் பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டான். உயிர்ப்புத் திருநாளுக்குக்கூட அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. வெளியே கதிரை போட்டோம். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். ஒருவன் போய் ஒரு ஊர் திரும்பி வந்தது. அந்த ஒருவனைக் கடல் கொண்டுபோகவில்லை. நான்தான் கொன்றேன். இதை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்குக் கஷ்டமில்லை.

எமிலியாவிடம் சொன்ன பொய்க்காக, அடக்கத்துக்குப் பிறகு வந்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரு கைம்பெண்ணை நோகவைக்காமலிருக்கச் சிறு பொய் சொன்னேன் என்றேன். ஃபாதர் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். வேறு பாவம் எதுவும் ஞாபகத்தில் இல்லை என்றேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போனபிறகு அவள் பின் அறை வாசலில் வந்து நின்றாள். நான் பூசை உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, பெட்டியை உள்ள விட்டீங்களே. அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தன்."

"அதுக்கென்ன பிள்ள."

"இன்னொண்டு." சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவர் உங்களை அப்படிப் பகிடி பண்ணினது பிழை. ஞாயிறு போனதும் பிழை. நான் மறிச்சனான், கேக்கல்ல. அவருக்காக நான் கேக்கிறன். நீங்க மனசில வச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவர்ட ஆத்துமத்துக்கு."

இப்படியானதை யோசித்துத்தான் சொல்லவேண்டும். அவனைப் பற்றி மனதில் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இருக்கவில்லை.

"மன்னிச்சிட்டன்" என்றேன்.

அவள் குனிந்து என் கையை முத்தமிட்டாள். படியிறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினேன்.