முதல் குடம்

மலாயாவில், குளுவாங்கிலிருந்து பெக்கோக் போகும் ரயிலில், மூன்றாம் வகுப்பில், எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. கோட்டும் தலைப்பாகையுமாக இருந்த மற்றவர், ஏதோ சின்ன ஊரின் டவுன் போர்டில் தமிழர்களுக்கென்று உட்கார்த்தி வைத்த ஒரே மெம்பர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"புதுக் குழாய்க்குப் போட்ட மாலை காய்ஞ்சு உதிர்ந்துடுச்சு கிராணி. ஒருத்தரும் ஒரு சொட்டுப் பிடிக்கல" என்றார் மெம்பர்.

குழாய்க்கு மாலையா என்று நான் காது கொடுத்தேன்.

"ஏன், தண்ணி வரலியா?"

"நல்லா வந்துச்சு. முதல் குடம் யாரு பிடிக்கிறதுன்னு தகராறு. கோயில்ல முதல் மரியாதை வாங்குற குடும்பம் எங்களுக்குத்தான்னு நின்னுச்சு. குழாய் எங்க வாசல்ல இருக்குன்னு கடைக்காரங்க விடல."

"நீங்க மெம்பராச்சே, சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். நீங்க எந்தப் பக்கம்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"போர்டு துரை வந்து பார்த்தாரு. உங்க ஆளுங்களுக்குத் தண்ணி வேணாம் போலன்னு, குழாயைக் கழட்டி மார்க்கெட் பக்கம் வச்சிட்டாரு. சேத்துக் கிணத்துத் தண்ணியக் குடிச்சு வாந்திபேதியில எத்தனை பிள்ளைங்க போச்சு. அதைச் சொல்லித்தான் கூட்டத்துக்குக் கூட்டம் கெஞ்சி வாங்கினேன். அடுத்து சாக்கடை, தெரு விளக்கு, பள்ளிக்கூடம்னு மனசுல வச்சிருந்தேன்."

"இனிமே கேப்பீங்களா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கிறது?"



"இப்ப தண்ணிக்கு என்ன பண்றாங்க?"

"அதே சேத்துக் கிணறுதான். அங்க யாரும் முதல் குடம் கேக்கறதில்ல."