வீட்டுக்குள் தண்டு வலிக்க ஒரு பாஸ்

கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவர்கள் காலடியில், படகில் துடுப்பால் தண்டு வலிப்பதுபோல் உட்கார்ந்து உடற்பயிற்சி செய்யும் பழைய இரும்பு மெஷின்.

"கடல்ல தண்டு வலிச்ச மனுசன் இனி ஊட்டுக்குள்ள வலிக்கப் போறாராம்! வெள்ளைக்காரன் சண்டைக்குப் பயந்து விட்டுட்டுப் போன துருப்புடிச்ச சாமான வாங்கி வந்திரிக்காரு" என்றாள் மனைவி.

"மீன் புடிக்கப் போக நேவிக்காரன் பாஸத் தந்தான், கடலத் தரல்லியே. சீனி வருத்தத்துக்கு உடம்ப அசைக்கச் சொல்லி டொக்டர் சொன்னது ஒனக்கும் கேட்டிச்சுதானே?"

"அசைக்கிறதுக்கு விறகு கொத்த ஏலாதா?"

சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஏறினான். மெஷினைத் துவக்கால் தட்டி, அது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"தண்டு வலிக்கிற சாமான், மாத்தயா" என்றவர், யாரும் கேட்காமலே சட்டைப்பையிலிருந்து கடல் பாஸை எடுத்து நீட்டினார். ஆமிக்காரன் சிரித்துவிட்டு இறங்கிப் போனான்.

பஸ் நகர்ந்ததும் மனைவி வெடித்தாள்.

"ஊட்டுக்குள்ள வலிக்கிறதுக்கும் அவன்ட பாஸா? கடல மட்டுமா புடிச்சான்? ஒங்கட கையையும்தான் புடிச்சிட்டான்!"

அவர் பாஸை மடித்து, பத்திரமாக அதே பைக்குள் வைத்தார்.