கழுத்து கோணுன கிட்டாரு

இல்லீங்க தம்பி, நீங்க போட்ட போட்டோவுல இது இத்தனை கெழடாத் தெரியலைங்க. அதுல செவச்செவன்னு அப்புடி மின்னுச்சு. நேர்ல பாத்தா, எங்க தறிக் குடோன் மூலையில கெடக்கற பழைய மோட்டாரே தேவலாம்னு இருக்குது. பரவால்ல உடுங்க, வெளம்பரம்னா அப்புடித்தான். போட்டோ புடிக்கறப்ப மட்டும் எல்லாத்துக்கும் வயசு கொறஞ்சு போகுது.

தண்ணி வேண்டாங்க. சரி, கொண்டாந்துட்டீங்க, குடுங்க. சூலூர்ல பஸ் ஏறி சிங்காநல்லூர்ல எறங்கி, இந்தச் சந்துக்கு மூணு பேர்த்துகிட்ட வழி கேட்டு வந்திருக்கறனுங்க. நீங்க அனுப்புன மேப்பு என்னையக் கொண்டுபோயி ஒரு கோழிக்கடைக்குள்ள உட்டுது. என்ற பேரா? பேரு எதுக்குங்க, ரேசன் கார்டுல சேக்கப் போறீங்களா? வாங்க வந்தவ, அவ்வளவுதான்.

விசயத்துக்கு வாரேன். இது எனக்கில்லீங்க. நான் இத வெச்சு என்ன பண்ண, துணி காயப்போடறதா? எல்லாம் என்ற மகளுக்குத்தான். அவ இதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. வாயத் தொறந்து கேக்கலைங்க, கேக்காமயே நிக்கறா, அதான் வம்பு. அவங்கப்பாவுக்கும் ரெண்டு சித்தப்பனுங்களுக்கும் இது ஆகவே ஆகாது. தெரிஞ்சுதுன்னா ஒடச்சு அடுப்புல வெச்சுருவாங்க. சும்மா சொல்லலைங்க, வெக்கற ஆளுங்கதான். இன்னிக்கு மூணு பேரும் காங்கேயம் போயிருக்கறாங்க, எனக்கு இந்த ஒரு நாளுதான் கெடச்சுது. நல்ல சாமானுன்னா அவங்க மூணு பேர்த்தையும் நான் ஒருத்தியா நின்னு எதுத்துக்கறேன். ஆகாத சாமானுன்னா, இங்கயே உட்டுப்போட்டுப் போயி மகளுக்கு நாலு வார்த்தை சொல்லிப்போடறேன். எதுன்னாலும் சாயங்காலம் அவங்க திரும்பி வரக்குள்ள நான் முடிவு பண்ணோணும்.

எங்கப்பாரு மாட்டு யாவாரிங்க. மாடு வாங்கப் போனா மொதல்ல தோலு மேல கெட்ட சுழி கிழி இருக்குதான்னு பாப்பாரு, பொறவு பல்லு, பொறவு நடக்க உட்டுப் பாப்பாரு. எல்லாம் ஆனப்பறம் மாட்டுக்காரன ஏற எறங்கப் பாப்பாரு. இதுக்குச் சுழி எங்கீங்க இருக்குது? சிரிக்காதீங்க. ரெண்டு நாளா தறிக்கு நூலு கூடப் பாக்காம யூட்யூப்ல கிட்டாரு பாத்தனுங்க. கண்ணுகிட்ட வெச்சுக் கழுத்து நேரா இருக்குதான்னு பாக்கோணும்னு ஒருத்தன் சொன்னான். இங்க குடுங்க, பாக்கறேன்.

ஏனுங்க, இது வாழைக்காயாட்டம் வளஞ்சிருக்குதே? லேசாவா? இது லேசுன்னா, எங்க கொழுந்தனாரு தொப்பையும் லேசுதானுங்க. கம்பியெல்லாம் துரு. ஆறு இருக்கோணுமில்ல, அஞ்சுதான இருக்குது? அறுந்துபோச்சா. எப்பொ? தீவாளிக்கு முன்னாடியா? நல்லாருக்குது. விக்கறதுக்கு வெச்ச சாமானுக்கு ஒரு கம்பி வாங்கிப் போட மாட்டீங்களா? அட, இருக்கறது இருக்கறபடி தெரியட்டும்னு உட்டுட்டீங்களா. பெரிய அரிச்சந்திரன்தான் போங்க.

சரி, கரண்டுல போடுங்க, ஓட உட்டுப் பாப்போம். அட சாமி! இது பாட்டா, உளுந்து போடாம கிரைண்டரு சுத்தற சத்தமா? அந்தக் குமிழத் திருகுனா கொரகொரங்குது. நிறுத்தாதீங்க, வாசிங்க. இல்ல, வாசிங்கங்கறேன், வெக்கம் என்னத்துக்கு.

ம்.

எனக்குப் பாட்டுக் கீட்டெல்லாம் தெரியாதுங்க. எங்கூட்டுல இருவத்தி நாலு மணி நேரமும் தறி சத்தந்தான். ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது, அதனாலயே எங்க குடும்பம் ஒத்துமையா இருக்குது. ஆனா நீங்க இப்ப வாசிச்சது நல்லாருந்துச்சு. அஞ்சு கம்பியில இத்தனைன்னா, உங்க மேல குத்தமில்லீங்க, சாமான் மேலதான் குத்தம்.

சொல்லுங்க, எதுக்கு விக்கறீங்க? புதுசு வாங்கறதுக்கா? அப்பொ புதுசு எங்கீங்க? தம்பி, பொய் சொன்னா உங்களுக்குக் காது செவக்குது, இனிமே சொல்லாதீங்க. ஊட்டு அட்வான்சுக்கா? இந்த ஊட்டுக்கு என்ன கொறச்சல், நீங்களும் அம்மாவுந்தான இருக்கறீங்க? வெளியூர்லயா. பம்பு கம்பெனில டிசைன் வேலைய இங்க வெச்சுப்போட்டு வெளியூர்ல ஊடு எதுக்குங்க? ஆமா, பம்பு கம்பெனி. எனக்கெப்புடித் தெரியுமா? உங்க சட்டையில எழுதியிருக்குது, படிக்கத் தெரியும் எனக்கு. வேலையும் மாறுதா. சரி சரி, வேர்க்குது பாருங்க, அந்த பேனப் போடுங்க.

அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருக்கறாங்களா. அப்பா? ஓ. எத்தன வருசமாச்சு? அப்பொ சமையலு ஆரு? நீங்களா! அதான் அடுப்படி பளிச்சுன்னு இருக்குதா. வரும்போதே எட்டிப் பாத்துப்போட்டேன், கோவிச்சுக்காதீங்க. ரசத்துக்குத் தாளிச்ச வாசம் வந்துச்சு, அம்மாவா இருக்குமுன்னு நெனச்சேன். எங்கூட்டு ஆம்பளைங்களுக்கு அடுப்பு எந்தத் தெசையில இருக்குதுன்னே தெரியாதுங்க. தட்டு வாரப்பத்தான் அடுப்படின்னு ஒண்ணு இருக்கறதே நெனப்பு வரும்.

உங்க குலதெய்வம் எதுங்க? கிட்டாருக்கும் குலதெய்வத்துக்கும் என்ன சம்பந்தமா? ஏனுங்க, எங்க பக்கம் எருமை வாங்குனாலும் எந்தக் குலம் கூட்டம், எந்தக் கோயிலுன்னு கேட்டுப்போட்டுத்தான் கயித்தக் கையில வாங்குவோம். சொன்னா என்ன, தேஞ்சா போயிருவீங்க? அட, ஊட்டுல தெலுங்கா பேசுவீங்க. அப்பொ நாங்க வேற ஆளுங்க, நீங்க வேற ஆளுங்க. மூஞ்சி ஏன் இப்புடிப் போகுது? இதெல்லாம் நானா பிரிச்சு வெச்சேன்? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எவனோ பிரிச்சு வெச்சுட்டுப் போய்ட்டான். அவனக் கையில கெடச்சா நானும் நாலு கேள்வி கேக்கோணும்னுதான் இருக்கறேன்.

இன்னொண்ணு. கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுல வாசிச்ச கிட்டாருன்னு வெளம்பரத்துல போட்டிருந்தீங்க, அதுல வாசிக்கறவங்க எல்லாரும் தண்ணி போடுவாங்கங்கறாங்களே, நீங்க? எப்பவாச்சுமா. காது செவக்கல, அப்பொ நெசந்தான். எங்க சின்னக் கொழுந்தனாரு பதினெட்டு வருசமா தொட்டதே இல்லீங்கறாரு. நாந்தான் காலையில பாட்டல பழைய பேப்பர்க்காரனுக்குப் போடறேன்.

கடைசியா ஒரே கேள்விங்க. நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க. இந்தக் கிட்டாரு என்ற மகளுக்கு ஆகுமா, ஆகாதா?

என்னது? வேண்டாமா?

எங்க, திருப்பிக் காட்டுங்க. அட ஆமா. கீழ உழுந்து கழுத்து ஒடஞ்சு, ஒட்டி, மேல பெயின்ட் அடிச்சிருக்குதே. நீங்க காட்டலீன்னா பத்து வருசமானாலும் நான் கண்டுபுடிக்க மாட்டேன். சுருதி நிக்காதா. கத்துக்கற புள்ளைக்கு வெரலு நோகும், தப்பு நம்ம மேலதான்னு நெனச்சு மனசு உட்டுப்போகுமா. மொதல்ல சாதாக் கிட்டாருல பழகச் சொல்லோணுமா. ஏனுங்க தம்பி, அட்வான்சுக்குக் காசு வேணும்னு இப்பத்தான சொன்னீங்க? வேணும், ஆனா ஆரோ பெத்த புள்ளைய ஏமாத்தி வேண்டாமா. நல்லா யாவாரம் பண்ணுனீங்க போங்க. உங்கள நம்பிக் கடை வெச்சா ஒரே மாசத்துல ஷட்டர எறக்கிருவீங்க.

எங்கப்பாரு இருந்திருந்தா இப்ப என்ன பண்ணியிருப்பாரு தெரியுங்களா? தன்ற மாட்டுச் சுழியத் தானே சொல்ற மனுசனக் கண்டா, மாட்ட உட்டுப்போட்டு அந்த மனுசன ஊட்டுக்குக் கூட்டியாந்து சோறு போட்டிருப்பாரு. நான் கூட்டிப்போக முடியாதுங்க. எங்கூட்டுல உங்களுக்குச் சோறு போட மாட்டாங்க.

சரி, கிட்டாரு எனக்கு வேண்டாம். எந்திரிக்காதீங்க, உக்காருங்க. இந்தப் பையப் புடிங்க. நந்திதாவோட ஆதாரு, பத்தாங்கிளாஸ் மார்க் சீட்டு, காலேஜ் சர்டிபிகேட்டு எல்லாம் இருக்குது. சரியா இருக்குதான்னு ஒருக்காப் பாத்துக்குங்க.

ஆமாங்க, நான் அவங்கம்மாதான். நாலு நாளா ஆதார் எங்கம்மா, மார்க் சீட்டு எங்கம்மான்னு பூனையாட்டம் என்ற காலச் சுத்திச் சுத்தி வந்தா. பேங்குல கேக்கறாங்களாம். எந்த பேங்குலங்க பத்தாங்கிளாஸ் மார்க்கு கேக்கறாங்க? அப்பறம் அவ போன்ல இந்த வெளம்பரத்தப் பாத்தேன். கீழ சசிதர்னு உங்க பேரு, பக்கத்துல இவ ஒரு அழுகற பொம்மை போட்டு வெச்சிருக்கறா. கிட்டாரு விக்கறதுக்கு ஒரு புள்ளை எதுக்கு அழுகோணும்? நான் பத்தாவதுதான் படிச்சிருக்கறேன், ஆனா கூறு கெட்டவ இல்லீங்க.

நான் வந்தது அவளுக்குத் தெரியாது. பீரோ சாவி எப்பவும் அவங்கப்பா இடுப்புலதான் இருக்கும். இன்னிக்குக் காங்கேயம் போற அவசரத்துல பழைய வேட்டியோட கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டாரு. எதுக்குப் போயிருக்கறாங்கன்னு கேக்கலையே நீங்க? ஒரு எண்ணெய் மில்லுக்காரங்க ஊட்டுக்கு. வர்ற ஞாயித்துக்கெழம அவளுக்கு நிச்சயம். அதும் அவளுக்குத் தெரியாது. சனிக்கெழம ராத்திரி சீலை எடுத்து வெச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு மூணு பேரும் பேசி வெச்சிருக்கறாங்க. எனக்கும் அப்புடித்தான் சொன்னாங்க, இருவத்தஞ்சு வருசத்துக்கு முந்தி.

அழுவாதீங்க தம்பி, அவ அழுகறது பத்தாதா. வெள்ளிக்கெழமைக்குள்ள ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிப்போட்டுக் கெளம்பிருங்க. அம்மாவ இங்க ஒத்தையில உட்டுப்போடாதீங்க, மொதல்ல இந்த ஊட்டுக்குத்தான் வருவாங்க. அவளுக்கு வயித்து வலி வந்தாச் சொல்ல மாட்டா, நீங்களாத்தான் கேக்கோணும்.

எனக்கென்னங்க? பையக் காணமுன்னா எலி இழுத்துட்டுப் போச்சும்பேன். பயமா? பயமாத்தான் இருக்குது. அதான் வேண்டாம்னு சொன்ன தண்ணியையும் வாங்கிக் குடிச்சேன். போன் கீன் போட்டுப்போடாதீங்க, ஆரையும் உட்டுச் சேதி சொல்லாதீங்க. என்னைக்காச்சும் ஒரு நாளு நானே தேடிக்கிட்டு வாரேன். அது வரைக்கும் எந்த ஊர்ல ஊடு புடிச்சிருக்கீங்கன்னு என்றகிட்டயும் சொல்லாதீங்க கண்ணு. எனக்கு அடி தாங்காது, சொல்லிப்போடுவேன்.