தலைத்துண்டின் மறுமுனை

காலைச் சாப்பாட்டை நான் சுற்றுலாவில் சேர்ப்பதே இல்லை, சார். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்குகிற வளைவுகளில் அது எப்படியும் வெளியே வந்துவிடும். பிறகு வண்டி கழுவுகிற வேலை என் தலையில். அதனால் வெறும் வயிற்றோடு ஏற்றிக்கொண்டு போய் அடிவாரத்தில் இட்லி வாங்கித் தருவேன். என்ன அக்கறை என்று மெச்சி ஐந்து நட்சத்திரம் போடுவார்கள்.

என் வேனின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 'குணசீலன் டிராவல்ஸ். பழைய ஊர்களும் கடலோரக் கிராமங்களும், ஒரே நாளில், உங்கள் குடும்பத்துக்கு மட்டும்.' ஆரணியில் அரண்மனை, செஞ்சியில் கோட்டை, மரக்காணம் தாண்டிக் கடல். செஞ்சியில் எந்த ராணி எந்த ஜன்னலில் நின்று அழுதாள் என்றுகூடச் சொல்வேன். எனக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அழுத இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

என் அண்ணன் வேடியப்பன் கடலைப் பார்த்ததே இல்லை. சாமை விதைப்பார், புளி உலுக்குவார், அதை விற்கத் திருப்பத்தூர் போவார். அவருடைய உலகம் அங்கேயே முடிந்துவிடும். ஊருக்கெல்லாம் கடல் காட்டுகிறவன் சொந்த அண்ணனுக்குக் காட்டவில்லை என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அவரையும் அண்ணி ஈஸ்வரியையும் நானாகத்தான் கூப்பிட்டேன்.

நிலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சரிவு இருக்கிறது. அதில் கூடாரம் போட்டு விருந்தாளிகளைத் தங்கவைக்க பெங்களூர்க்காரர்கள் குத்தகைக்குக் கேட்டார்கள். காலையில் எழுந்ததும் அவர்களுக்குப் பனி தெரிய வேண்டுமாம். எங்கள் புளியமரங்கள் பனியை மறைக்கின்றனவாம். நியாயமான குறைதான். அண்ணனிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. அவருக்கு அதெல்லாம் வராது. "நான் உசுரோட இருக்கற வரிக்கும் அந்த மரத்துல கை வெக்காத, குணா. அப்புறம் நீ இன்னா வேணா பண்ணிக்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். பெரியவர்கள் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை எனக்கு.

எங்கள் மலையில் ஓடையைக் கடக்க ஒரு முறை உண்டு. அது தெரியாமல் இந்த வழக்கு உங்களுக்குப் புரியாது. மழைத்தண்ணீர் ஓடும்போது இரண்டு பேராகத்தான் இறங்குவோம். மூத்தவன் முன்னே போய் ஆழம் பார்ப்பான். தலையில் கட்டியிருக்கிற நீளத் துண்டை அவிழ்த்து ஒரு முனையை அவன் கையில் சுற்றிக்கொள்வான், மறுமுனையை இளையவன் பிடித்துக்கொள்வான். முன்னே போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கால் வழுக்கும். பின்னால் நிற்கிறவனையும் தண்ணீர் இழுக்கிறதென்றால் முன்னவன் துண்டை விட்டுவிட வேண்டும். ஒருவன் போகலாம், இருவரும் போகக் கூடாது.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும்போது அப்படித்தான் கடந்தோம். அண்ணனுக்குக் கால் நழுவியது. என்னையும் இழுக்குதே என்று அலறினேன். வாயை மூடுவதற்குள் துண்டு தளர்ந்துவிட்டது. தண்ணீர் அவரை உருட்டிக்கொண்டு போய் ஒரு நொச்சிப் புதரில் மாட்டியது. சேறும் ரத்தமுமாக ஏறி வந்து, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று என் கையைக் காலைத் தடவிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சார். உண்மையான அழுகை. யோசனை வந்தது பிறகுதான்.

அண்ணனையும் அண்ணியையும் கடல் பார்க்கக் கூட்டிப்போன அன்றைய சுற்றுலா நன்றாகவே நடந்தது. ஆரணியில் அண்ணிக்குத் தலைசுற்றல், எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். செஞ்சிக் கோட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பாறையில் ஒரு கொள்ளுச்செடிகூட முளைக்காதே என்று அண்ணன் வருத்தப்பட்டார். ராணி அழுத ஜன்னலைக் காட்டினேன். "பாவம், இன்னா கஷ்டமோ" என்றார். என் தொழிலில் அவரைப் போல ஒரு வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

மரக்காணம் தாண்டி ஒரு கழிமுகம். இந்தக் கரையில் சவுக்குத் தோப்பு, நடுவில் ஓடை மாதிரி தண்ணீர், அந்தக் கரையில் மணல்திட்டு, அதற்கு அப்பால் கடல். கடல் இறங்குகிற நேரத்தில் அந்தத் தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரியும். நாலு எட்டு வைத்தால் தரை இருக்காது. மேலே அசைவே தெரியாமல் அடியில் கடலுக்கு இழுக்கும். வருகிற எல்லாரிடமும் அதைச் சொல்லி எச்சரிப்பேன். அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

அண்ணி வேனில் படுத்திருந்தார். அண்ணன் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நேரம் ஊர் பெயர் தெரியாத மனுஷர், ஓடையைக் கண்டதும் தம் வீட்டு வாசலுக்கு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். அந்தப் பக்கம் போய் அலையைத் தொட வேண்டும் என்றார். யாரும் சொல்லாமலே தலைத்துண்டை அவிழ்த்து ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "கெட்டியா புட்ச்சிக்க" என்றார்.

கெட்டியாகத்தான் பிடித்தேன். நாலாவது எட்டில் மார்பளவு போய்விட்டார். துண்டு விறைத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கத்தவும் இல்லை. துண்டைப் பிடித்துக் காலை ஊன்ற இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் இழுத்திருந்தால் வந்திருப்பார். அவரைவிட எனக்குத்தான் உடம்பில் பலம்.

நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "அண்ணே, என்னயும் இழுக்குதுண்ணே."

போன ஐப்பசி மாதிரியே. வாயை மூடுவதற்குள் துண்டு தளர்ந்துவிட்டது. அங்கே நொச்சிப் புதர் எதுவும் கிடையாது.

மறுநாள் காலையில் வலைக்காரர்கள் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். உன்னையாவது உயிரோடு விட்டுவிட்டுப் போனாரே என்று அண்ணி என் தலையைத் தடவித் தடவி அழுதார். கேட்டவர்களெல்லாம் அழுதார்கள். நானும் அழுதேன், அதில் பாதிக்குமேல் நிஜம். அன்றைக்குச் சவுக்குத் தோப்போரம் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. "காஞ்ச மணல்ல நின்னுகினு, இழுக்குது இழுக்குதுன்னு கத்துனான்" என்று உங்களிடம் வந்து சொல்லிவிட்டார். கருவாட்டைப் பார்க்க வேண்டிய கண், சார்.

நேற்று அண்ணியை இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தீர்கள். சாபம் விடுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உன் காலு நனஞ்சுதா, தம்பி?"

கொஞ்சம் நனைந்தது அண்ணி என்றேன். அவர் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதைக்கூடப் பொய் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இரவெல்லாம் யோசித்தேன். நனையவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், சார். அந்தத் துண்டு உங்கள் மேசைமேல்தான் கிடக்கிறது. என் கையிலிருந்துதான் வாங்கினீர்கள். அண்ணன் சொன்னபடி நான் பிடித்த பிடியைக் கடைசிவரை தளர்த்தவே இல்லை. கையை விட்டவர் அவர்தான்.