நல்ல காத்து

இடி மின்னலோடு மழை ஓய்ந்ததும் வருகிற வாசனை எனக்கும் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. சத்துவாச்சாரியில் எங்கள் ஆய்வகத்தில் எப்போதும் ஏறக்குறைய அதே வாசனைதான். அது ஓசோன். ஆக்சிஜனுக்குள் மின்சாரம் பாய்ச்சினால் உண்டாகிறது.

ஆக்சிஜன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை இல்லை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு கனமாக இருக்கும். ஓசோன் உண்டாகும்போது அந்தக் கனமானவை தங்கள் பங்குக்கு மேலேயே வந்து ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு மேலே என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. ஓசோன் உண்டாகிற குடுவையின் சூடு கொஞ்சம் மாறினாலும் அளவு கெட்டுவிடும். ஒவ்வொரு முறையும் கெட்டது.

"ஆல்வின், இந்த வாட்டியும் வரலைன்னா எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார் பேராசிரியர். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஆய்வகத்தைப் பெருக்குகிறவர் செண்பகம் அக்கா. ஆம்பூரில் டேனரி ஓரம் வீடு. "இன்னா சார், இங்க காத்து இவ்ளோ நல்லா இருக்குது. எங்க வூட்டாண்ட தோல் நாத்தம் ஜாஸ்தி" என்பார். நாறினால் கெட்ட காற்று, நாறாவிட்டால் நல்ல காற்று என்பது அவர் கணக்கு. நான் திருத்தவில்லை.

குழாய் மூட்டில் கசிவு இருந்தது. ஓசோன் அளவுக்கு மேல் போனால் நுரையீரலை அரித்துவிடும். மூட்டை அடைக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். காற்றை வெளியேற்றும் விசிறி ஓடினாலோ குடுவை குளிர்ந்துவிடும். விசிறியை நிறுத்தினேன். சற்று நேரத்தில் எனக்கே நெஞ்சு எரிந்தது; வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஆனால் உள்ளே யாராவது அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே.

"அக்கா, முள்ளு இந்தக் கோட்டைத் தாண்டினா கூப்பிடுங்க. கதவை மட்டும் தெறக்காதீங்க."

சந்தோஷமாக உட்கார்ந்தார். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு இருமினார்.

"சார், வெளிய வர்ட்டா?"

"இன்னும் கொஞ்ச நேரம்தான்கா."

சொன்ன பேச்சைத் தட்டாதவர்.

மறுநாள் விடிவதற்குள் நுரையீரலில் நீர் கோத்து இறந்துவிட்டார். மருத்துவமனையில் ஊர் எது என்று கேட்டார்கள். ஆம்பூர், டேனரி ஓரம் என்றதும், "அந்தக் காத்துதாம்மா" என்று அவர் மகள் நிஷாவிடம் சொன்னார்கள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

அளவு பிசகாமல் வந்தது. ஆமாம், தெரிந்துதான் உட்கார வைத்தேன். ஆனால் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியருக்கும் முன்னால் அக்கா பெயரைத்தான் போட்டிருக்கிறேன், ஐயா. அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.